வரைபடத்தில் பெயர் எழுதாத ஒரு கோல்

பாகப் பிரிவினையில் எங்களுக்கு வந்தது பாதி வீடும், அதன் முன்னால் பதின்மூன்று அடி அகலத்தில் ஒரு முற்றமும். நான் மருமகளாக வந்த மறு வருடம் பழைய பொது முற்றத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழுந்தது. சுவருக்கு அப்பால், தெற்கே, என் கணவரின் அண்ணன் குடும்பம் இருந்தது, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. வடக்கே அடுத்த வீட்டின் சுவர். பின்பக்கம் ஐந்தாறு தென்னைகளைத் தாண்டியதும் வயல். பேச்சிப்பாறையில் அணை திறந்து கன்னிப்பூ நெல் நடவுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வரப்புகளில் முழங்கால் வரை சேறு. ஆகவே தெருவுக்குப் போக முன்வாசல் ஒன்றுதான் வழி. நடந்தவை எல்லாம் இந்த அளவுகளுக்குள் நடந்தவை என்பதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

என் கணவர் யுத்த காலத்தில் ராணுவ லாரிகளைப் பழுதுபார்த்தவர். பர்மா எல்லையிலிருந்து உயிரோடு திரும்பி, நாகர்கோவிலில் ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். பயிர் செய்யும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை கிரீஸ் கையோடு சாப்பிட உட்காருவது என் மாமியாருக்கு ஆறாத வருத்தம். ஆனால் அவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முற்றத்திலேயே ஒரு மோட்டார் ஷெட் கட்டித் தனியாகத் தொழில் செய்யப் போவதாகச் சொன்னபோது, கண்ணுக்கு முன்னால் இருப்பான் என்று அந்த அம்மாள் சம்மதித்தார்.

ஷெட்டின் வரைபடத்தை நான்தான் போட்டேன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தேன். என் பழைய ஜியோமிதி நோட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்த அவர், "இவ்வளவு நேரா கோடு போடுகியே, எனக்கொரு ஷெட்டு வரச்சுத் தாயேன்" என்றார். திருமணமாகி நான்கு வருடங்களில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் அந்தத் தாளோடு வாழ்ந்தேன். அவரை அரம் பிடித்து நிற்பதுபோல் நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை நூல் வைத்து அளந்தேன். அதுதான் வேலை மேசையின் உயரம். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி எவ்வளவு ஆழம் இருந்தால் அவருக்குக் கழுத்து வலிக்காது என்று கணக்குப் போட்டேன். மேசைக்கு மேல் கூரையில் மூன்று கண்ணாடி ஓடுகள், கைக்கு எட்டும் உயரத்தில் ஸ்பானர்கள் தொங்க ஆணிவரிசை, எண்ணெய் டின்களுக்குச் சுவரில் ஒரு மாடம். ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் பெயர் எழுதினேன். அவர் மாலையில் வந்து விளக்கடியில் குனிந்து பார்ப்பார். "இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். உங்களைப் பார்த்துத்தான் தெரியும் என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சிரித்துவிடுவேன்.

அந்தத் தாளில் பெயர் எழுதாமல் விட்ட இடம் ஒன்றே ஒன்று. தெற்குச் சுவரை ஒட்டி, வீட்டு வாசலிலிருந்து தெரு வரைக்கும், இரண்டே கால் அடி அகலத்தில் ஒரு நீளத் துண்டு. ஷெட்டுக்குள் நுழையாமல் நான் தெருவுக்குப் போய்வர அதை விட்டிருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு மைல் தள்ளியிருந்த பெண்கள் பள்ளியில், பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக மூன்று மாதம் வேலை பார்த்திருந்தேன். பள்ளி திறக்கும்போது எனக்கு நிலையான இடம் கிடைக்கும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அப்போது நாங்கள் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தோம். ஆணை அங்கிருந்து வரவேண்டும். வந்தால், ஒரு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த பின் இடத்தை உறுதி செய்வார்கள். அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். கரும்பலகை முன்னால் நின்ற மூன்று மாதங்களில்தான், நான் படித்தது எனக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகவில்லை என்று நம்பியிருந்தேன்.

அப்படியானால் அந்தத் துண்டில் ஏன் பெயர் எழுதவில்லை? 'என் வழி' என்று எழுதினால் திமிராகத் தோன்றியது. 'பெண்கள் வழி' என்றால் குளத்துப் படித்துறை ஞாபகம் வந்தது. பென்சிலை இரண்டு முறை வைத்து எடுத்தேன். பார்த்தாலே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

நூல் கட்டும் நாளன்று ஆசாரி வந்தார். கையில் கோல். எங்கள் பக்கத்தில் அடியும் அங்குலமும் பள்ளிக்கூடத்தோடு சரி, வீடு கட்ட எல்லாவற்றுக்கும் ஆசாரியின் கோல்தான். ஒரு கோல் ஏறத்தாழ இரண்டே கால் அடி. அவர் என் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆரு வரச்சது?"

"வீட்டுல" என்றார் என் கணவர், கொஞ்சம் பெருமையாக.

"வர நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு பக்கமும் கூட்டினா, மரணத்துல வந்துல்லா விழுகு!"

வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "என்ன ஆசாரி சொல்லுகீரு?"

கட்டடத்தின் சுற்றளவைக் கோலால் அளந்து, வகுத்து, மிச்சத்தைக் கொண்டு அதற்கு ஒரு பருவம் சொல்வார்கள். பாலியம், கௌமாரம், வாலிபம், முதுமை, மரணம். கடைசிப் பருவத்தில் விழும் அளவில் எங்கள் பக்கம் மாட்டுத் தொழுவம்கூடக் கட்டமாட்டார்கள்.

"பயப்படாண்டாம் அம்மா. அகலத்துல ஒரு கோல் கூட்டினா வாலிபத்துல போயி நிக்கும். இந்தா பாருங்க, தெக்க சொவரு ஓரம் சரியா ஒரு கோல் சும்ம கெடக்கு. பேருகூட எழுதல்ல."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இவ்வளவு படிச்சியே. எம் பிள்ளைக்கு மரணத்துலதான் ஷெட்டு கெட்டத் தோணிச்சா உனக்கு?"

"அவளுக்கு ஆசாரி கணக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்று என் கணவர் சிரித்தார். "அவ இங்கிலீஷ் அடியில வரச்சிருக்கா. ஒரு கோல் கூட்டிக் கெட்டுங்க ஆசாரி. கூடினா லாரியும் ஏத்தலாம்."

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. அந்த ஒரு கோல் சும்மா கிடக்கவில்லை, அதில் நான் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன பொருள்படும் என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. சண்டையிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு மனிதரை, நான் வெயிலில் நடந்துபோக வேண்டும் என்பதற்காக, மரணத்தில் நிறுத்தச் சொல்வதாகும். காலையும் மாலையும் அவர் நிற்கப்போகும் இடம் அது. நூல் கட்டி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கருங்கல் இறக்க மூன்று நாட்களாயின. மூன்று நாளும் வேலையாட்களுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன்.

ஆனி மாதத்துக்குள் ஷெட் எழுந்துவிட்டது. ஓட்டுக் கூரை, அயினிப் பலகையில் இரட்டைக் கதவு, தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரே கூடம். எங்கள் முன்வாசல் இப்போது அதற்குள் திறந்தது. முன்னறை ஜன்னலும் அதற்குள்தான் திறந்தது. நான் அவருக்காக வரைந்த கண்ணாடி ஓடுகள் மூன்றும் அவருடைய மேசை மேல் வெளிச்சத்தைக் கொட்டின. எங்கள் வீட்டுக்குள் பகலிலேயே விளக்கு தேவைப்பட்டது. நான் உட்கார்ந்து படிக்கும் இடம் முன்னறையிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து பின்வாசல் படிக்கும் நகர்ந்தது. புத்தகத் தாள்களில் பெட்ரோல் வாசனை ஏறிற்று. ஆசாரி கூட்டிய ஒரு கோலில் என் கணவர் இரும்பு அலமாரி ஒன்றைச் சுவரில் பதித்து, டயர்களையும் உதிரிச் சாமான்களையும் அடுக்கினார். ஒருபக்கம் நீளத்துக்கும் மேசை, ஒருபக்கம் அலமாரி, நடுவில் குழி, குழியின் மேல் வண்டி.

அவர் மகிழ்ச்சியாக இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். மேசையின் உயரம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். குழியில் நின்றபடியே, "ஏட்டி, கழுத்து வலிக்கல்ல கேட்டியா!" என்று உள்ளே குரல் கொடுப்பார். அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், மூச்சு முட்டவும் செய்யும்.

ஆணை வந்தது. பள்ளிக்குப் போகத் தொடங்கினேன்.

கார் நிற்கும் நாட்களில் போவதற்கு ஒரு முறை ஏற்பட்டது. நான் குடையும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். மாமியார் கதவருகே போய் ஒருமுறை செருமுவார். உடனே என் கணவர் ஷெட்டில் இருப்பவர்களைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய நில்லுங்கப்பா" என்பார். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் டிரைவர்கள் ஒவ்வொருவராக உருண்டு வெளியே வருவார்கள்.

"எந்திரிலே, டீச்சரு போணும்."

"இப்பத்தான்லே படுத்தேன். பள்ளிக்கூடத்துல மணிய ஒரு அரமணிக்கூறு தள்ளி அடிக்கச் சொல்லப்பிடாதா?"

"நீ அந்த மணிக்கு ஒழுங்காப் போயிருந்தா இப்ப இங்க எதுக்குலே படுத்துக் கெடக்க?"

சிரிப்பு கேட்கும். பிறகு அவர்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தெருவில் வரிசையாக நிற்பார்கள். காருக்கும் அலமாரிக்கும் இடையில் பக்கவாட்டில் நகர்ந்து, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த வரிசையைத் தாண்டிப் போவேன். ஒருவரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஆனால் நான் வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் தெருவுக்கே தெரிந்தது. கடைக்கோ கோயிலுக்கோ போக நினைத்தால், நான்கு பேரை எழுப்பிவிட்டுப் போகும் அளவுக்கு அது முக்கியமா என்று யோசிப்பேன். பெரும்பாலும் முக்கியமில்லை என்று தோன்றும். அப்படி ஒவ்வொன்றாகக் குறைந்து, பள்ளி மட்டும் மிஞ்சியது.

லாரி வந்த நாட்களில் பள்ளியும் இல்லை. லாரியை உள்ளே ஏற்றினால் ஒருபக்கம் மேசையை உரசும், மறுபக்கம் அலமாரியை உரசும். சக்கரத்தைக் கழற்றிக் கட்டையில் நிறுத்திவிட்டால் அதை அசைக்க முடியாது. அடியில் எண்ணெய்க் குழி, சேலையோடு தவழ்ந்து போக வழியில்லை. அவர்கள் தெருப்பக்கமிருந்து போய்வருவார்கள். நான் வீட்டுப் பக்கம் நிற்பேன். வயலிலோ சேறு. ஒருமுறை அந்தப் பக்கம் போகத் துணிந்து, பாதி வரப்பில் வழுக்கி இடுப்பு வரை நனைந்து திரும்பினேன்.

விடுப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது? 'எங்கள் வீட்டில் லாரி நிற்பதால்' என்று எழுத முடியாது. காய்ச்சல் என்று எழுதினேன். கார்த்திகை மாதத்துக்குள் எனக்கு ஐந்து காய்ச்சல் வந்துவிட்டது, ஐந்தும் லாரிகள்.

தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. ஒருநாள் மதியம் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்களுக்கு மாசத்துக்கொரு காய்ச்சல் வருகு. மறுநாள் வரும்போ முகத்துல ஒரு சோர்வும் காணல்ல. நான் ஒண்ணும் கேக்கல்ல. ஆனா இன்னும் ஒரு நாளு வராம இருந்தா, உறுதி செய்யச் சொல்லி என்னால எழுத முடியாது. பாத்துக்கிடுங்க."

அன்று மாலை என் கணவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பெட்டியிலிருந்து வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். தெற்குச் சுவரோரத்தில் விரலை வைத்தேன்.

"இது என்னண்ணு தெரியுமா உங்களுக்கு?"

"சும்ம கெடந்த எடம்."

"சும்ம கெடக்கல்ல. நான் நடக்க விட்டது."

அவர் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதியிருக்கலாம்லா?"

"எழுதியிருந்தா, ஆசாரி சொன்னதுக்குப் பொறவு, விட்டிருப்பேளா?"

அவர் கையைத் துடைத்துவிட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் ஆசாரியை அழைத்துக்கொண்டு வந்தார். அலமாரியைப் பெயர்த்துவிட்டு அந்த ஒரு கோலுக்கு நெடுகச் சுவர் வைத்துத் தடம் பிரிக்க முடியுமா என்று கேட்டார். ஆசாரி கோலை எடுத்து அளக்கக்கூட இல்லை. "பிரிச்சா பழைய கணக்குக்குத்தான போவும்? அத நான் செய்யமாட்டேன். வேற ஆள வச்சுச் செய்தாலும் குத்தம் எந் தலையில" என்றார். மாமியார் அழுதுவிட்டார். "சண்டைக்குப் போன பிள்ளைய நினைச்சு மூணு வருசம் நான் ஒழுங்கா உறங்கல்ல. இப்ப வீட்டு முற்றத்துலயா நான் அவனப் பறிகுடுக்கணும்?" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேச எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். அழுகிறவரிடம் என்ன பேசுவது? வேண்டாம் என்று நானே சொன்னேன். இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் எனக்கும் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது என்பது மட்டும் உண்மை.

அதன் பிறகு அவர் எனக்காக லாரிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். அது நீண்ட நாள் நடக்கக்கூடியதல்ல என்று இருவருக்கும் தெரியும். பள்ளி ஆய்வாளர் வரும் நாளுக்கு முந்தின நாள் மாலையில், வழியில் முன் அச்சு முறிந்த ஒரு லாரியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார்கள். தெருவை அடைத்து நின்ற அதை உள்ளே ஏற்றாமல் வழியில்லை. நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அது உள்ளே இருந்தது. வீடு திரும்பும்போது சேறானாலும் கழுவிக்கொள்ளலாம் என்று, பள்ளித்தோழி ஒருத்தியின் தோட்டம் வழியாகச் சுற்றி, சேற்றில் நடந்து, இருட்டுமுன் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது அச்சு தனியாகத் தரையில் கிடந்தது. லாரி கட்டைகள் மேல் நின்றது. இரவு பெய்த மழையில் பின்னால் வாய்க்கால் உடைத்து வரப்பே தெரியவில்லை.

நான் குளித்தேன். பள்ளிக்கு உடுத்தும் சேலையை உடுத்தினேன். குடையும் தூக்கும் எடுத்துக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றேன். செருமுவதற்கு வந்த மாமியார் லாரியைப் பார்த்து, செருமாமல் நின்றார்.

"இண்ணைக்கும் காய்ச்சல்தானா?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல" என்றேன். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அவர் லாரியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். பிறகு வேலை மேசைக்குப் போய், அதன் மேலிருந்த ஸ்பானர்களையும் அரங்களையும் சுத்தியல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் ஒரு சாக்கின் மேல் வைக்க ஆரம்பித்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது எனக்கு முன்னால் மாமியாருக்குப் புரிந்தது.

"எய்யா, ஆயுதம் இருக்க எடம்லா அது! அதுல காலால சவிட்டவா?"

சரஸ்வதி பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டுகள் அந்த மேசையின் விளிம்பில் வரிசையாக இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தற்செயலாக ஒரு ஸ்பானர் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் என் கணவர்.

"ஆயுதம் எல்லாத்தையும் எறக்கியாச்சும்மா."

"பூச வச்ச பலகைல்லா மக்கா."

"சுவரு கெட்ட நீங்க சம்மதிக்கல்ல. இதுவும் கூடாதுண்ணா, அவ பின்ன எந்த வழியில கூடிப் போவா?"

அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து உதறி, மேசையின் மேல் நீளமாக விரித்தார். ஏறுவதற்கு ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். இடதுபுறம் சுவர், வலதுபுறம் லாரியின் பலகை. தலைக்கு மேல் ஓடு. குனிந்தே நடக்க வேண்டியிருந்தது. துவர்த்து பாதி தூரத்தில் முடிந்ததும் வெறும் பலகையில் கால் வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு குளிர்ந்திருந்தது. மேசையில் இறுக்கியிருந்த வைஸ் என்னும் இரும்புப் பிடியைக் கழற்ற முடியாது. சேலையைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்ட வேண்டியிருந்தது. லாரிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்திருந்த அவர், மேசையின் மறுமுனையில் நின்று கையை நீட்டினார். பிறர் முன்னால் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டது அதுவே முதல் தடவை. தெருவில் நின்ற டிரைவர்கள் இரண்டு பேரும், யாரும் சொல்லாமலே எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் திரும்பாமலே, "எறங்கும்போ பாத்து டீச்சரே, அங்கன எண்ணெய் கெடக்கு" என்றார்.

இறங்கியதும் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

"நேரமாச்சு. போ" என்றார்.

போனேன். ஈரத் தெருவில் வேகமாக நடந்தேன். ஏறக்குறைய ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலடியிலிருந்த எண்ணெய் செருப்பில் வழுக்கிக்கொண்டே வந்தது. பள்ளி வாசலை அடையும்போது முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. தலைமையாசிரியை வராந்தாவில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கையெழுத்துப் போடும் ஏட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். பேனாவை மையில் தோய்த்தபோதுதான், அந்த லாரிக்கு அச்சு வர இன்னும் நான்கு நாளாவது ஆகும் என்பதும், இன்று மாலை அதே மேசையின் மேல், தெருப்பக்கத்திலிருந்து ஏறி, நான் வீட்டுக்குள் போக வேண்டும் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது.